புதிய சாவி போட்டும் பழைய கணக்குக்கே போகிறதா?

ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட் சேவை) சாவிகளை வைக்கும் கிரெடென்ஷியல்ஸ் கோப்பில் புதிய சாவியைப் போட்டும் டிப்ளாய் (செயலியை ஏற்றுவது) பழைய கணக்குக்கே போகிறது என்கிறீர்கள். கோப்பில் தப்பு இருக்காது. ஷெல்லில் பழைய சாவி சூழல் மாறியாக (ஷெல் நினைவில் வைத்து நிரல்களுக்குக் கொடுக்கும் மதிப்பு) உட்கார்ந்திருக்கும். சிஎல்ஐ, அதாவது ஏடபிள்யூஎஸ்ஸின் கட்டளைவரிக் கருவி, முதலில் அதைத்தான் எடுக்கும், கோப்பெல்லாம் அப்புறம்தான்.

'ஏடபிள்யூஎஸ் கன்ஃபிகர் லிஸ்ட்' அடித்துப் பாருங்கள். அக்சஸ் கீ வரியில், டைப் என்ற இடத்தில் 'என்வ்' என்று வந்தால் அதேதான். அக்சஸ் கீ, சீக்ரெட் கீ, செஷன் டோக்கன் மூன்று மாறிகளையும் 'அன்செட்' கட்டளையால் நீக்குங்கள். அது இந்த டெர்மினலுக்கு மட்டும்தான். டெர்மினல் திறக்கும்போதெல்லாம் ஓடும் பாஷ்ஆர்சி கோப்பில் அவற்றை வைக்கும் எக்ஸ்போர்ட் வரி இருந்தால் அதையும் நீக்குங்கள். நான் அதை மறந்துவிட்டு மறுநாள் காலை மறுபடி முழித்திருக்கிறேன்.

புரொஃபைலை (கோப்பில் பெயரிட்டு வைத்த சாவித் தொகுப்பு) சூழல் மாறியில் மாற்றினாலும் பலிக்காது, சாவி மாறிகளே ஜெயிக்கும். அவசரமென்றால் கட்டளையிலேயே புரொஃபைல் ஆப்ஷனைக் கொடுங்கள், அது அந்தச் சாவி மாறிகளை ஒதுக்கிவிடும்.