நாட்டுப்பற்றும் அக்கரை நட்பும் ஒன்றாக இருக்க முடியுமா?

"நாகப்பட்டினம் மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டே இருக்கிறது. இந்தியன் என்ற பெருமை உள்ளவன் அந்த நாட்டோடு நட்பு வேண்டும் என்று எந்த முகத்தோடு சொல்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொல்லலாம், தம்பி. நீங்கள் திருவாரூர், மன்னார்குடி பக்கம் எங்கோ உள்ளே இருப்பவர் என்று நினைக்கிறேன். கடல் விவகாரம் தொலைக்காட்சி வழியாக வந்து சேர்ந்திருக்கும். அதில் பேச்சு கச்சத்தீவில் தொடங்கி கச்சத்தீவிலேயே முடிந்துவிடும். கோடியக்கரையிலிருந்து கச்சத்தீவு 100 கி.மீ.க்கு மேல். டெல்டா படகுகள் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு.

இந்தியா–இலங்கைக் கடல் எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். பாக் நீரிணைக்கு 1974 ஒப்பந்தம். வங்காள விரிகுடாவுக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் 1976 ஒப்பந்தம். 1974 கோட்டின் முதல் புள்ளி வடக்கு 10°05', கிழக்கு 80°03'. அடுத்தது 9°57', 79°35'. கோடியக்கரை முனை 10°17', 79°50' வாக்கில் இருக்கிறது. முனைக்கு நேர் தெற்கே கோடு 10°01'ஐத் தொட்டுப் போகிறது. அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல். ஆக நமக்குக் கிடைப்பது சுமார் 16 கடல் மைல், 30 கி.மீ.க்குச் சற்றே குறைவு. மன்னார்குடியிலிருந்து திருவாரூர் போகிற தூரம்தான்.

இப்போது ஒரு ஃபைபர் படகு. முனைக்குத் தெற்கே 10 கடல் மைலில், அதாவது 10°07'இல், இரவு வழிவலை விடுகிறது. வலையின் ஒரு தலை படகில் கட்டியிருக்கும், மறு தலையில் விளக்கு மிதக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு வலையோடு சேர்ந்து மிதப்பதுதான் அந்தத் தொழில். வாடை காலத்தில் நீரோட்டம் தெற்கே தள்ளும். மணிக்கு ஒன்றரை கடல் மைல் தள்ளினால் 4 மணி நேரத்தில் 6 கடல் மைல். வலையை இழுத்து ஏற்ற எழும்பும்போது படகு கோட்டின் மேலேயே நிற்கும். இவர்கள் யாரும் வேண்டுமென்றே போனவர்கள் இல்லை. பரிகாரமும் இருக்கிறது. ஓட்டம் தெற்கே இருக்கும் நாளில் வலையைக் கரையிலிருந்து 6 கடல் மைலுக்குள் விட வேண்டும். ஜி.பி.எஸ்.ஸில் கோட்டுக்கு 2 கடல் மைல் முன்னதாகவே அலாரம் போட்டு வைக்க வேண்டும். புள்ளிகளைப் பதியும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. ஒப்பந்தத்தில் 9°40'.15 என்று இருப்பது 40 நிமிடம் 15 விநாடி இல்லை. அது தசம நிமிடம், விநாடியில் சொன்னால் 9 மட்டுமே. எஞ்சின் நின்றுபோனால் வி.எச்.எஃப். ரேடியோவில் 16ஆம் சேனலில் கூப்பிட வேண்டும். செல்போன் சிக்னல் கிடைத்தால் கடலோரக் காவல்படைக்கு 1554.

எல்லை தாண்டுவதில் இது ஒரு வகை. மனக்கசப்பு வந்தது அடுத்த வகையால். அதுதான் இழுவைமடி, கடல் தரையோடு இழுத்துப் போகும் பை போன்ற வலை.

விசைப்படகு இரண்டு பலகைகளை இறக்கும். படகு ஓட ஓட பலகைகள் இரண்டு பக்கமும் விலகி மடியின் வாயை விரிக்கும். மடியின் கீழ்க்கயிறு சங்கிலியோடு தரையை உரசிக்கொண்டே வரும். பாக் விரிகுடா ஆழமில்லாத கடல், பெரும்பாலான இடத்தில் 10 மீட்டர் சொச்சம். தரையில் கடல்தாழை என்கிற கடற்புல், நண்டு, இறால் குஞ்சு எல்லாம் இருக்கும். மடியைத் தூக்கித் தளத்தில் அவிழ்த்துக் கொட்டும்போது பாருங்கள். நடுவில் கொஞ்சம் இறால், சுற்றிலும் விரல் நீளத்துக்கு ஓரா, காரல் மீன்கள், வேரோடு வந்த தாழை, சேறு. அந்தக் குவியலுக்குச் சங்காயம் என்று பெயர். கோழித் தீவனத்துக்கும் கருவாட்டுக்கும் போகும்.

அக்கரையில் பருத்தித்துறை, வல்வெட்டித்துறை ஆட்கள் சின்னப் படகில் வந்து செவுள்வலையும் நண்டு வலையும் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். இழுவைமடி அந்தப் பக்கம் ஒருமுறை போனால் வலை மொத்தமும் பலகையில் சுருண்டு வந்துவிடும். காலையில் அவர்களுக்கு மிஞ்சுவது மிதவை கட்டிய கயிற்றில் ஒரு துண்டு. வட்டிக்கு வாங்கிக் கட்டிய வலை அது. அவர்களும் தமிழர்கள், நாம் பேசுவதையே பேசுகிறவர்கள். நம் விசைப்படகை 'றோலர்' என்பார்கள். போர்க்காலத்தில் அவர்களுக்குக் கடலுக்குப் போகத் தடை இருந்தது. அப்போது நம் படகுகள் அங்கே போய்ப் பழகிவிட்டன. 2009க்குப் பிறகு அவர்கள் கடலுக்குத் திரும்பியபோது அங்கே நம் மடி ஓடிக்கொண்டிருந்தது. 2014இல் சென்னையிலும் கொழும்பிலும் இரு கரை மீனவர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். அக்கரைக்காரர்கள் முக்கியமாகக் கேட்டது, இழுவைமடியை நிறுத்துங்கள் என்பதைத்தான். 2017இல் இலங்கை தன் படகுகளுக்கும் சேர்த்தே அதைத் தடை செய்தது.

இதைச் சொன்னால் "இவன் சிங்களவனுக்குப் பரிந்து பேசுகிறான்" என்று கீழே ஒருவர் எழுதுவார். எழுதட்டும். மீனவனைச் சுடுவதையும் அடிப்பதையும் நான் ஒரு நாளும் ஏற்கவில்லை. நடுக்கடலில் ஃபைபர் படகில் ஏறி அரிவாளைக் காட்டி வலை, ஜி.பி.எஸ்., எஞ்சினைப் பறிக்கிறவர்களையும் பிடித்துத் தண்டிக்க வேண்டும். ஆனால் பிடிபடுவது யார் என்று பாருங்கள். படகு முதலாளி கரையில் இருப்பார். பங்குக்குப் போகும் கூலி ஆள்தான் யாழ்ப்பாணச் சிறையில் இருப்பான்.

மாற்று இல்லாமல் இல்லை. இழுவைப்படகை ஒப்படைத்துவிட்டு ஆழ்கடலில் சூரை (டூனா) பிடிக்கும் படகுக்கு மாறும் திட்டம் 2017இல் வந்தது. படகு 80 லட்சம் ரூபாய். மத்திய அரசு 50 சதவீதம், மாநிலம் 20, வங்கிக் கடன் 20, உரிமையாளர் 10. காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. இறாலுக்குப் போனவன் மறுநாளே காசு பார்ப்பான். சூரைக்குப் போனால் வாரக்கணக்கில் கடலில் கிடக்க வேண்டும். மீன் ஏறியதும் ரத்தம் வடித்து, குடல் எடுத்து, மீனுக்குச் சரி எடை ஐஸ் போட வேண்டும். தாமதித்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற நச்சு ஏறி ஏற்றுமதிக்கு ஆகாது. இதைக் கூடவே இருந்து பழக்கிக்கொடுக்காமல் படகை மட்டும் கொடுத்தால் கடன்தான் மிஞ்சும்.

இன்னொரு ஆதங்கம், கேள்விக்கு வெளியே என்றாலும் சொல்லிவிடுகிறேன். இறாலைத் தேடி அவ்வளவு தூரம் ஏன் போகிறோம்? இறால் குஞ்சு வளர்வது உப்பும் நன்னீரும் கலக்கும் முகத்துவாரத்தில். அடப்பாறு, அரிச்சந்திரா நதி வழியாக நல்ல தண்ணீர் வந்து விழுந்தால்தான் மணல் அடைக்காது, குஞ்சும் தங்கும். காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பில், கர்நாடகம் எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. விட வேண்டும் என்று ஆனது. அந்தக் கணக்கைப் பேசுகிற எல்லோரும் வயலோடு நிறுத்திவிடுகிறார்கள். கடைமடைக்கும் அப்பால் ஒரு கடல் இருப்பதை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

பெருமைக்கு வருகிறேன். 1930இல் உப்பு அள்ளிச் சிறைக்குப் போன வேதாரண்யம் எங்களுடையது. ஏழையின் உப்பில் கை வைக்காதே என்று வெள்ளைக்காரனிடம் சொன்ன ஊர், அக்கரை ஏழையின் வலையில் மடியை ஓட்டினால் எனக்குத்தான் தலைகுனிவு. 2023 அக்டோபர் 14இல் நாகையிலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். நடுவில் நின்று 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. சுமார் 60 கடல் மைல், நான்கு மணி நேரம். பாஸ்போர்ட் இருந்தால் ஒருமுறை போய் வாருங்கள். அங்கே துறையில் உட்கார்ந்து வலை பின்னுகிறவரிடம் பேச்சுக் கொடுங்கள். முதலில் றோலரைத்தான் கேட்பார். மறுத்து வாதாடாமல் முழுவதும் கேட்டுவிட்டு வந்து இங்கே எழுதுங்கள்.