பித்தளையை உருட்டித் துலக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

நவராத்திரி நெருங்கினால் பரணில் கிடக்கும் பித்தளை எல்லாம் கீழே இறங்கும். கூடவே எனக்கு வரும் கேள்விகளும் கூடும். தட்டாஞ்சாவடியில் பித்தளை உதிரிபாகங்களுக்கு மெருகேற்றும் பட்டறை வைத்திருக்கிறேன். தண்ணீரோடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின்களைப் போட்டு டிரம்மில் உருட்டும் முறைதான் எங்களுக்கு அன்றாட வேலை. அதைப் பற்றிக் கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன்.

லேத்தில் கடைந்த சின்னச் சின்னப் பித்தளைச் சாமான்களைத் துலக்கச் சொந்தமாக டிரம் செய்கிறேன். பின், தண்ணீர், வேகம் எல்லாம் என்ன கணக்கு? (முத்தியால்பேட்டை)

இந்த முறை நன்றாகப் பழக்கத்துக்கு வந்தது அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் விளையாட்டுக்காரர்களிடம். சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளை உறையைக் கழுவி, மறுபடி மருந்து நிரப்பிப் பயன்படுத்துவார்கள். உறையின் உட்புறத்தில் ஒட்டிய கரியும் போக வேண்டும். துணியோ பிரஷ்ஷோ எட்டாத இடத்தில் மெல்லிய பின் எட்டும். அவர்கள் வைத்திருக்கும் அளவு நமக்கும் பொருந்தும். மொத்தம் 7 கிலோ தாங்கும் சின்ன டிரம்முக்கு ஸ்டீல் பின் இரண்டே கால் கிலோ, பித்தளை 900 கிராம், தண்ணீர் 3.8 லிட்டர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு மேஜைக்கரண்டி, சிட்ரிக் ஆசிட் கால் டீஸ்பூன். மூன்றிலிருந்து நான்கு மணி நேரம் ஓட்ட வேண்டும். பின் 1.2 மி.மீ. பருமன், 6.5 மி.மீ. நீளம் இருந்தால் போதும்.

பலரும் பித்தளையை அதிகமாகப் போட்டுத்தான் கெடுத்துக்கொள்கிறார்கள். பின்னின் எடையில் பாதிக்கும் குறைவாகவே பித்தளை இருக்கட்டும். சாமான்கள் எல்லாம் தண்ணீருக்குள் முழுகியிருக்க வேண்டும், ஏனென்றால் தண்ணீர்தான் அவற்றுக்கு மெத்தை. தண்ணீர் குறைந்தால் ஒன்றோடொன்று மோதி, கடைந்த விளிம்புகள் மழுங்கும், மரை நசுங்கும்.

வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. டிரம்மின் உள்விட்டத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் 42.3ஐ வகுத்தால் வருவது நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்ற எல்லை. அந்த வேகத்தில் உள்ளே இருப்பதெல்லாம் சுவரோடு ஒட்டிச் சுற்றும், துலக்கமே நடக்காது. 20 செ.மீ. விட்டமுள்ள டிரம்முக்கு அந்த எல்லை 95 சுற்று. அதில் பாதி, அதாவது 45 முதல் 55 சுற்றுக்குள் ஓட்டுங்கள். காதை வைத்தே சொல்லிவிடலாம்: மழை பெய்வது போன்ற சத்தம் வந்தால் சரி, கல் உருளுகிற சத்தம் வந்தால் நிறுத்தி, தண்ணீரைப் பாருங்கள்.

டிரம் உள்ளே ரப்பர் ஒட்டுங்கள். மோட்டாருக்கு எர்த்தும், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் தயவுசெய்து ஓட்டாதீர்கள். மூடி ஒழுகாத டிரம்மை நான் இன்னும் பார்த்ததில்லை. அப்புறம், பித்தளையோடு அலுமினியத்தைச் சேர்த்துப் போடவே கூடாது. அலுமினியம் கறுத்துப்போகும், வாயு உண்டாகி மூடி உப்பும்.

சொன்ன அளவில்தான் எல்லாம் போட்டேன். நாலு மணி நேரம் ஓடியும் பித்தளை சாம்பல் பூத்தமாதிரி மங்கலாக வருகிறது. (மஞ்சக்குப்பம்)

உங்கள் போர் தண்ணீரைத்தான் சந்தேகப்படுகிறேன். கரையோரத்தில் போர் தண்ணீர் பல இடங்களில் கடினம், சில இடங்களில் உப்பு. மேலே சொன்ன கால் டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட் ஒரு கிராமுக்குச் சற்று மேல். தண்ணீரின் காரத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் இருந்தாலே, அந்த ஆசிட் பித்தளையைத் தொடும் முன் தண்ணீரிலேயே செலவாகிவிடும். மிச்சம் வெறும் சோப்புத் தண்ணீர். உதிர்ந்த அழுக்கு போக்கிடம் இல்லாமல் பித்தளை மேலேயே திரும்பப் படியும். பட்டறை ஆரம்பித்த புதிதில் நானும் பின்னைக் குறை சொன்னேன், சோப்பை மாற்றினேன், நேரத்தை ஆறு மணி வரை நீட்டினேன். ஒரு நாள் மழைத்தண்ணீர் பிடித்து ஓட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அதே பின், அதே சோப்பு, பொன் போல வந்தது.

அதனால் மழைத்தண்ணீரோ, ஆர்.ஓ. தண்ணீரோ எடுங்கள். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீர் வேண்டாம், அதில் உப்பு இன்னும் கூடுதல். போர் தண்ணீர்தான் வழி என்றால் ஆசிட்டை அரை டீஸ்பூனாக்குங்கள். துணி துவைக்கும் பவுடர் போடாதீர்கள், அதிலுள்ள சோடா ஆசிட்டை முறித்துவிடும்.

இன்னொரு நல்ல பழக்கம் சொல்கிறேன். முதலில் சோப்பு மட்டும் போட்டு அரை மணி நேரம் ஓட்டி, அந்தக் கறுப்புத் தண்ணீரை வடித்துவிடுங்கள். அப்புறம் புதுத் தண்ணீரும் ஆசிட்டும். எண்ணெய்ப் பிசுக்கு முதல் சுற்றிலேயே போய்விடுவதால் இரண்டாவது சுற்று பாதி நேரத்தில் முடியும்.

பளிச்சென்று வரட்டும் என்று இரண்டு ஸ்பூன் சிட்ரிக் ஆசிட் போட்டேன். பித்தளை இளஞ்சிவப்பாகிவிட்டது. கெட்டுப்போனதா? (லாஸ்பேட்டை)

கெட்டுப்போகவில்லை. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. ஆசிட் அதிகமானால் மேல்தோலில் துத்தநாகம் கரைந்து, செம்பின் நிறம் தெரிய ஆரம்பிக்கும். தண்ணீரில் கரைந்த செம்பும் மேலே மெல்லியதாகப் படியும். ஆசிட் இல்லாமல் சோப்புத் தண்ணீரில் பின்னோடு ஒரு மணி நேரம் ஓட்டினால் அந்தத் தோல் தேய்ந்து மஞ்சள் திரும்பும். புளி போட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்த சொம்பு காலையில் சிவந்திருப்பதும் இதனால்தான். பாட்டிமார் புளியைத் தேய்த்த கையோடு கழுவிவிடுவார்கள், கவனித்திருப்பீர்கள்.

விசைப்படகில் கடல் தண்ணீர் வரும் பித்தளை வால்வு திட்டுத் திட்டாகச் சிவந்திருக்கிறது. உருட்டித் துலக்கித் திரும்பப் போடலாமா? (கடலூர் முதுநகர்)

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி. மேலே சொன்ன சிவப்பு தோலோடு நிற்பது. உங்கள் வால்வில் இருப்பது பெரும்பாலும் வேறு. உப்புத் தண்ணீரில் வருஷக்கணக்கில் கிடந்த சாதாரணப் பித்தளையிலிருந்து துத்தநாகம் உள்ளே வரை கரைந்து வெளியேறும். மிஞ்சுவது பஞ்சு போன்ற செம்பு. வடிவம் அப்படியே இருக்கும், பலம் இருக்காது.

சிவந்த இடத்தில் கத்தி முனையால் அழுத்திச் சுரண்டுங்கள். லேசாகச் சுரண்டியதும் மஞ்சள் தெரிந்தால் பாதிப்பு மேல்தோலோடு நின்றிருக்கிறது. சுரண்டச் சுரண்டச் சிவப்பே வந்தால், அல்லது பொடியாக உதிர்ந்தால், அந்த வால்வைப் பழைய சாமான் கடைக்குப் போடுங்கள். அதைத் துலக்கிப் பளபளப்பாக்குவதுதான் பெரிய ஆபத்து, ஏனென்றால் எச்சரிக்கை காட்டிய நிறத்தையே அழித்துவிடுகிறீர்கள். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கிற வால்வு நடுக்கடலில் உடைந்தால் படகில் இருப்பவர்கள் என்ன செய்ய முடியும்? புதிதாக வாங்கும்போது கன்மெட்டல் கேளுங்கள். அதில் செம்போடு முக்கியமாகச் சேர்வது வெள்ளீயம், துத்தநாகம் கொஞ்சம்தான். கடல் தண்ணீரை அது நன்றாகத் தாங்கும். என்னிடம் இப்படி வரும் வால்வுகளை நான் துலக்கித் தருவதில்லை.

கண்ணாடி துடைக்கும் திரவத்தில் அமோனியா இருக்கிறது, அதைக் கொஞ்சம் சேர்த்தால் பளபளப்பு கூடும் என்கிறார் நண்பர். சரியா? (நெல்லிக்குப்பம்)

பளபளப்பு வரும். கூடவே விரிசலும் வரும். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் இருந்த ராணுவம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தது. மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் பித்தளை உறைகள் தாமாகவே வெடித்துப் பிளந்திருந்தன. யாரும் தொடவில்லை, எதுவும் மோதவில்லை. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அமோனியாவும், மழைக்கால ஈரமும், பித்தளையை இழுத்து உருவாக்கும்போது உள்ளே தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது. காரணம் தெளிவாக விளங்கியது 1921இல்தான்.

இந்தக் கதையை நான் எல்லோரிடமும் சொல்வதற்குக் காரணம், தகட்டை அடித்தும் இழுத்தும் செய்த நம் வீட்டுக் குடம், தவலை, சொம்பு எல்லாவற்றிலும் அதே இறுக்கம் இருக்கிறது. பழைய வீடுகளில் மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய அறையில் பித்தளை அண்டாவைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கழுத்துப் பக்கம் மயிரிழை போல விரிசல் விட்டிருந்தால் தொழுவத்தையும் நினைத்துப் பாருங்கள். பாத்திரத்தை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். டிரம்மில் அமோனியா ஒரு சொட்டும் வேண்டாம்.

அம்மா சீராகக் கொடுத்த குத்துவிளக்கு, பூஜை மணி, உள்ளே ஈயம் பூசிய பித்தளைக் குண்டான், ஒரு பழைய பஞ்சலோகச் சாமி. எதையெல்லாம் இந்த டிரம்மில் போடலாம்? (திருப்பாதிரிப்புலியூர் வாசகி)

நாலுமே வேண்டாம் அம்மா. விளக்கின் தண்டில் கடைந்த வளையங்களும் உச்சியிலுள்ள அன்னமும் பின் பட்டுப் பட்டு மழுங்கிவிடும். குண்டானுக்குள் பூசியிருப்பது மெல்லிய வெள்ளீயப் பூச்சு, டிரம்மில் அது தேய்ந்துபோகும். அப்புறம் புளிக்குழம்பு வைத்தால் செம்பு நேராகக் குழம்பில் இறங்கும். பூச்சு ஏற்கெனவே தேய்ந்திருந்தால் ஈயம் பூசுகிறவரிடம் கொடுத்த பிறகே சமையுங்கள். சாமி சிலையின் மேல் படிந்திருக்கும் ஆழ்ந்த நிறம் அதன் வயது. அதை எடுத்துவிட்டால் திரும்ப வராது. ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள், போதும். மணி வெண்கலமாக இருந்தால் கீழே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெள்ளீயம் அதிகம் சேர்ந்த உலோகம் அடிபட்டால் உடையும்.

விளக்கைக் கழற்றி, வெந்நீரும் சோப்பும் போட்டு முதலில் எண்ணெயை எடுங்கள். எண்ணெய் தங்கிய இடத்தில் பச்சையாகப் படிவது எண்ணெயின் புளிப்பும் செம்பும் சேர்ந்த களிம்பு, பிசுக்குப் போகாமல் புளி அங்கே வேலை செய்யாது. பிறகு புளிக்கரைசல், கழுவல், பருத்தித் துணி. கைதான் இதற்கு நல்ல கருவி.

கேஸ் அடுப்பின் பித்தளை பர்னரைப் போட்டேன். துளையெல்லாம் பின் அடைத்துக்கொண்டது. (அரியாங்குப்பம்)

துளையும் பின்னும் கிட்டத்தட்ட ஒரே பருமனாக இருந்தால் இப்படித்தான் ஆகும். பர்னரின் மறுபக்கத்திலிருந்து மெல்லிய கம்பியால் தள்ளி எடுங்கள். காந்தம் வைத்தும் பாருங்கள், பின்னின் ரகத்தைப் பொறுத்து இழுக்கும். ஒரு பின் உள்ளே தங்கினாலும் அடுப்பில் வைக்காதீர்கள், தீ ஒரு பக்கமாகச் சாயும். இனி பர்னரை வெந்நீரில் அரை ஸ்பூன் சிட்ரிக் ஆசிட் கலந்து கால் மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

துலக்கிய கதவுக் கைப்பிடிகள் ஒரே வாரத்தில் மங்கிவிடுகின்றன. வீடு கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி. (குருசுக்குப்பம்)

டிரம்மை விட்டு வெளியே வந்த பிறகு நடப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. கடைசி அலசலை ஆர்.ஓ. தண்ணீரில் செய்யுங்கள். போர் தண்ணீர் காய்ந்தால் உப்பு மேலேயே நிற்கும். உடனே பழைய துண்டில் போட்டு இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து உருட்டுங்கள். பிறகு வீட்டுக்குள் மின்விசிறிக்கு அடியில் காயட்டும். மொட்டை மாடியில் கடல் காற்று படும்படி காயவைத்தால் கழுவிய உப்பு திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். காய்ந்த பிறகு வெறும் கையால் தொடாதீர்கள், விரல் ரேகை அப்படியே கறுப்பாகப் பதியும். கார் வேக்ஸ் மெல்லியதாகப் பூசித் துடைத்தால் சில வாரங்கள் தாங்கும். கைப்பிடிக்கு லாக்கர் (நிறமில்லாத வார்னிஷ்) அடிப்பது இன்னும் நாள் வரும். ஆனால் கைபட்டுத் தேய்ந்த இடத்தில் மட்டும் கறுத்து, திட்டுத் திட்டாக அசிங்கமாகும், அப்போது முழுவதையும் எடுத்துவிட்டுத்தான் திரும்ப அடிக்க வேண்டும். என் வீட்டுக் கைப்பிடிகளுக்கு வேக்ஸ்தான்.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய தோட்டா உறைகள் சில இருந்தன. துலக்கி அலமாரியில் வைக்கலாமா? (ஊர் குறிப்பிட வேண்டாம் என்றவர்)

துலக்காதீர்கள். அவை காலியா, மருந்து உள்ளதா என்பது பார்த்த மாத்திரத்தில் எல்லோருக்கும் தெரியாது. மருந்துள்ள தோட்டாவை டிரம்மில் உருட்டுவதோ சூடாக்குவதோ உயிரோடு விளையாடுவது. சட்டமும் இருக்கிறது: 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் தோட்டா என்பதற்கான விளக்கத்தில் அதன் பாகங்களும் அடங்கும். பெட்டியை அப்படியே மூடிவைத்து, பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்தில் விவரம் சொல்லுங்கள்.

உருட்டி முடித்த கறுப்புத் தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றலாமா? (வில்லியனூர்)

வேண்டாம். அதில் கரைந்த செம்பும் துத்தநாகமும் இருக்கும். லேத்தில் சுலபமாகக் கடைய வரும் பித்தளையில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்குக் காரீயமும் இருக்கும், அந்தத் தூள் முழுவதும் இந்தத் தண்ணீரில்தான். குளத்தில் சேர்ந்தால் மீனுக்குச் செம்பு விஷம். கையுறை போட்டு வடிகட்டுங்கள், சமையல் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்காதீர்கள், வேலை முடிந்து கைகழுவாமல் குழந்தைகளைத் தூக்காதீர்கள்.

வீட்டு அளவில் நாலைந்து லிட்டர்தான் என்றால் அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் ஊற்றி வெயிலில் வையுங்கள். நம் ஊர் வெயிலில் சில நாளில் வற்றி, அடியில் சேறு மட்டும் நிற்கும். அதை மூடியுள்ள டப்பாவில் சேர்த்துவைத்து, ஆபத்தான கழிவு என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள், சாணக் குப்பையோடு கலக்க வேண்டாம். தொட்டி வெயிலில் இருக்கும் நாட்களில் மாடோ காக்கையோ வாய் வைக்காதபடி மேலே கம்பி வலை போட்டு, ஓரத்தில் கல் வைத்து அழுத்திவிடுங்கள்.