அலுமினா பிளேட் ஏன் டப்புனு உடையுது?

கேள்வி: சார், 1 மிமீ அலுமினா (அலுமினியம் ஆக்சைடு பீங்கான்) பிளேட்டை சின்னச் சின்ன சதுரமா வெட்டித் தர்றதா ஒரு ஆர்டர் எடுத்தேங்க. ஸ்டீல் வெட்டுற ஃபைபர் லேசர்லயே போட்டோம், பாதி கோடு போறதுக்குள்ள டப்புனு ரெண்டா போயிடுது. இவ்ளோ கெட்டியான பீங்கானுக்கு பவர் பத்தலையோ, ஏத்திப் பார்க்கலாமா?
- வாசகர், கோவை

பதில்: ஏத்தவே ஏத்தாதீங்க. கெட்டியா இருக்கறது உரசி வெட்டற வீலுக்கும் டிரில்லுக்கும்தான் பிரச்சனை, லேசர் உரசறதே இல்லையே, உருக்கி ஆவியாக்குது, அதுக்கு கெட்டி ஒரு தடையே கிடையாது. உங்க பிளேட்டை உடைக்கறது சூடுதான். அலுமினா உருக சுமார் 2050 டிகிரி வேணும், கோட்டுல அந்த சூடு, கொஞ்சம் தள்ளி பிளேட் ஆறிக் கிடக்கு, ஸ்டீலா இருந்தா வளைஞ்சு கொடுத்துடும், பீங்கானுக்கு வளையத் தெரியாது, திடீர்னு ஒரு 200 டிகிரி வித்தியாசம் வந்தாலே விரிசல் விட்டுடும். சூடான கண்ணாடி கிளாஸ்ல ஐஸ் தண்ணி ஊத்தின கதைதான்.

அதனால விடாம எரியற பீம் வேண்டாம், பல்ஸ்ல போடுங்க. மில்லிசெகண்டுக்கும் குறைவா ஒரு அடி, சூடு இறங்க கொஞ்சம் இடைவெளி, அப்புறம் அடுத்த அடி. மெதுவாத்தான் போகும், பரவால்ல. முதல் ஓட்டையை கழிவா போற பக்கம் போட்டுட்டு, அங்கிருந்து வெட்டுற கோட்டுக்கு வாங்க.

மெஷினும் முக்கியம். ஃபைபர் லேசரோட 1.07 மைக்ரான் அலைநீள வெளிச்சத்தை வெள்ளை அலுமினா சரியா உறிஞ்சாது, சிதறடிச்சுடும். கார்பன் டை ஆக்சைடு லேசரோட 10.6 மைக்ரான்னா மேல்பரப்புலயே உறிஞ்சிக்கும். 1964ல அமெரிக்காவோட பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்துல அந்த லேசரை உருவாக்கின குமார் படேல் மகாராஷ்டிராவுல பாராமதியில பிறந்தவர், நினைச்சாலே எனக்கு பெருமையா இருக்கும்.

இன்னொண்ணு, உங்களுக்கு வேண்டியது நேர்கோடுதானே, முழுசா வெட்டவே தேவையில்லை. கோடு நெடுக தடிமன்ல மூணுல ஒரு பங்கு ஆழத்துக்கு நெருக்கமா குழி குழியா அடிச்சுட்டு கையால அழுத்தினா கோடு போட்ட கடலைமிட்டாய் மாதிரி பட்டுனு பிரியும். ஸ்கிரைபிங்னு சொல்வாங்க, எலக்ட்ரானிக்ஸ் பிளேட்டெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் பிரிக்கறாங்க. பிளேட்டை சூளையில சுடறதுக்கு முன்னாடியே வெட்டிடலாமேன்னு தோணும், ஆனா சுடறப்போ 15-20 சதவீதம் சுருங்கும், நுணுக்கமான அளவு நிக்கறது கஷ்டம்.

டெலிவரிக்கு முன்னாடி ஓரத்துல பேனா மை தடவி, ஒரு நிமிஷம் விட்டு ஈரத்துணியால துடைங்க. முடி மாதிரி நீலக்கோடு நின்னா அங்க விரிசல் இருக்கு, அந்த பீஸை அனுப்பாதீங்க.

கேள்வி: அலுமினியம் நைட்ரைடு பிளேட்டை லேசர்ல வெட்டினா ஓரம் சாம்பல் கலர்ல வருது, கரண்டும் கடத்துது, இது இன்சுலேட்டர்தானே சார்?
- வாசகி, ஓசூர்

பதில்: இன்சுலேட்டர்தான் மேடம். ஆனா இது அலுமினா மாதிரி உருகறதில்ல, அந்த சூட்டுல பிரிஞ்சிடும், நைட்ரஜன் வாயுவா பறந்துடும், அலுமினியம் மட்டும் ஓரத்துல படலமா ஒட்டிக்கும். அந்த சாம்பல் கலர் அதுதான். வெட்டறப்போ லேசர் கூட ஊதற கேஸை ஆக்சிஜனா மாத்தினா அலுமினியம் ஆக்சைடா மாறி ஓரளவு குறையும். மாத்தினதுக்கு அப்புறமும் ஒவ்வொரு ஓரத்துலயும் மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்துட்டே அனுப்புங்க.