விமான சிமுலேட்டருக்கு அடக்கமான விலையில் ஜாய்ஸ்டிக்: கேள்வி பதில்

கேள்விகள் நிறைய வந்துவிட்டன. கணினியில் விமானம் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும், அதுவும் செலவைச் சுருக்கப் பார்க்கிறவர்களுக்கு, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: கீபோர்டிலேயே ஓட்டிச் சலித்துவிட்டது. முதல் ஜாய்ஸ்டிக்கை எதைப் பார்த்து வாங்குவது?

நடுப்பகுதியைப் பார்த்து வாங்குங்கள். பலரும் பட்டன்களை எண்ணிப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள், அது பிசகு. நீங்கள் ஓட்டும்போது உங்கள் கையையே கவனித்துப் பாருங்கள். ஸ்டிக்கை முழுதாகச் சாய்ப்பது எப்போதோ ஒரு தடவைதான், மற்ற நேரமெல்லாம் நடுவிலிருந்து ஒரு விரற்கடை அப்படி, ஒரு விரற்கடை இப்படி. தரையிறங்கும்போது அதுகூட இல்லை, அரிசி அளவு அசைவுதான். அந்த இடத்தில் ஸ்டிக் தொளதொளவென்று ஆடினாலோ, விட்டவுடன் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் போய் நின்றாலோ, முப்பது பட்டன் இருந்தும் பயனில்லை.

அப்புறம் இரண்டு விஷயம். கைப்பிடியை இடமும் வலமும் திருகினால் ரட்டர் (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் பலகை) வேலை செய்ய வேண்டும், அதாவது திருகு அச்சு இருக்க வேண்டும். சின்னதாகவாவது ஒரு த்ராட்டில் நெம்பு, அதாவது எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைப்பது, வேண்டும். இந்த இரண்டும் இல்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், ஆறு மாதத்தில் இன்னொன்று வாங்குவீர்கள்.

பெயர் சொல்லிக் கேட்டால், லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ இன்றும் நியாயமான தொடக்கம். 12 பட்டன், எட்டுத் திசை ஹாட் (பெருவிரலால் தள்ளும் சிறு குமிழ்), திருகு அச்சு, அடியில் த்ராட்டில் எல்லாம் உண்டு. கொஞ்சம் கூடுதலாகப் போட முடிந்தால் த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம். த்ராட்டில் தனியாக இடது கையில் வேண்டும் என்றால் டி.ஃப்ளைட் ஹோட்டாஸ் எக்ஸ். அதற்கும் மேலே ஒரு படி ஏற முடிந்தால் விகேபி கிளாடியேட்டர், ஆனால் அது முதல் ஸ்டிக்காக இருந்தே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

வாங்கியதும் முதல் வேலை, அடிப்பாகத்தை மேசையோடு அசையாமல் நிறுத்துவது. மலிவு ஸ்டிக்குகளின் அடிப்பாகம் கனமில்லாதது. நீங்கள் ஸ்டிக்கைத் தள்ளும்போது முதலில் நகர்வது அடிப்பாகம், அப்புறம்தான் ஸ்டிக். ரப்பர் விரிப்போ, இருபுறம் ஒட்டும் நாடாவோ எதையாவது போடுங்கள். இதை இன்னும் பல தடவை சொல்லப் போகிறேன்.

கேள்வி: ஹால் சென்சார் என்கிறார்களே, அது உண்மையிலேயே அவசியமா?

அவசியமில்லை, ஆனால் இருந்தால் நல்லது. பழைய முறையில் உள்ளே ஒரு பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும். கரிப்பூச்சுத் தடம் ஒன்றின் மேல் ஒரு உலோக முனை உரசிக்கொண்டே போகும், அது நிற்கும் இடத்தைப் பொறுத்து மின்னழுத்தம் மாறும். உரசுவதால் தேயும், தேய்ந்த தூளும் தூசியும் நடுவில் சேரும். நடுவில்தான் நாம் அதிகம் அசைக்கிறோம் என்பதால் முதலில் கெடுவதும் அந்த இடம்தான். ஹால் சென்சாரில் காந்தம் நகரும், அதன் புலத்தைச் சென்சார் அளக்கும், இரண்டும் தொடுவதே இல்லை. எட்வின் ஹால் 1879இல் கண்டுபிடித்த விளைவு அது.

டி.16000எம் ஸ்டிக்கில் சாய்வு அச்சுகள் இரண்டுக்கும் ஹால், 14 பிட், அதாவது ஓர் அச்சுக்கு 16,384 நிலைகள். எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோவில் சாய்வுக்கு 1,024. இந்த எண்ணிக்கை வித்தியாசத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். இணைப்புகளில் கொஞ்சம் லூஸ் இருந்தாலே அத்தனை நிலைகளும் வீண். ஒன்றைக் கவனியுங்கள், டி.16000எம்மில் திருகு அச்சுக்கு ஹால் கிடையாது, அது பொட்டென்ஷியோமீட்டர்தான். பெட்டி மேல் எழுதியிருப்பது எந்த அச்சுக்கு என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: நான் இடது கைக்காரன்.

டி.16000எம். அதன் பிடியில் கழற்றி மாற்றும் துண்டுகள் உண்டு, இடது கைக்கும் அமைத்துக்கொள்ளலாம். எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ வலது கைக்கென்று வளைந்தது, உங்களுக்கு வலிக்கும்.

கேள்வி: ட்ரோன் சிமுலேட்டருக்கு எது நல்லது?

ஜாய்ஸ்டிக் வேண்டாம். நிஜ ட்ரோனுக்கான ரேடியோ கன்ட்ரோலரையே யூஎஸ்பியில் இணைத்துப் பழகுங்கள்.

கேள்வி: ஸ்டிக்கைத் தொட்டாலே விமானம் துள்ளுகிறது. மலிவானது என்பதாலா?

பெரும்பாலும் இல்லை. ஸ்டிக்கின் அசைவுக்கு விமானம் எவ்வளவு திரும்பும் என்று தீர்மானிக்கும் வளைவு அமைப்பை, சிமுலேட்டரில் நீங்கள் தொட்டிருக்க மாட்டீர்கள். நிஜ செஸ்னா சிறு விமானத்தின் யோக் (ஸ்டியரிங் போன்ற பிடி) நீளமாக நகரும், உங்கள் ஸ்டிக் அதில் ஒரு பங்குதான் நகரும், ஆகவே அதே திருப்பத்துக்கு உங்கள் விரல் மிகக் குறைவாக அசைய வேண்டியிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் உணர்திறன் பக்கத்தில் எலிவேட்டரையும் (மூக்கு மேல், கீழ்) எய்லரானையும் (இறக்கைச் சாய்வு) எதிர்மறைப் பக்கம் 30, 40 வரை இறக்குங்கள், கோடு நடுவில் படுத்துக்கொண்டு ஓரத்தில் நிமிரும். டிசிஎஸ் என்ற போர் விமான சிமுலேட்டரில் வளைவு 15இலிருந்து 20 வரை. டெட்ஸோனை மட்டும் கூட்டாதீர்கள். எல்லாரும் முதலில் கை வைப்பது அங்கேதான். டெட்ஸோன் கூடினால் நடுவில் ஒன்றுமே நடக்காது, பிறகு திடீரென்று பிடிக்கும், நடுப்பகுதியை நீங்களே கொன்றுவிடுகிறீர்கள். புது ஸ்டிக்குக்கு 2, 3 சதவீதம் போதும்.

அப்படியும் துள்ளினால் அடிப்பாகம் நகர்கிறதா பாருங்கள்.

கேள்வி: பழைய ஸ்டிக்கை ஒருவர் தருகிறார். வாங்கலாமா?

கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஒரு நடந்த கதை. என்னிடம் இருந்த ஸ்டிக்கில், ஓடுபாதையை நெருங்கும்போதெல்லாம் விமானத்தின் மூக்கு இடது பக்கம் சட்டென்று வெட்டும். பக்கக் காற்று என்று நினைத்து மூன்று வாரம் என் கையையே திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு நாள் விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் பக்கத்தைத் திறந்து வைத்து, ஸ்டிக்கைத் தொடாமல் பார்த்தால், திருகு அச்சின் பட்டை தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. காற்றாவது ஒன்றாவது!

ஆகவே அந்தப் பக்கத்தைத் திறங்கள். கையை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள், எதுவும் துடிக்கக் கூடாது. நான்கு பக்கமும் மெதுவாகச் சாய்த்துவிட்டு விடுங்கள், சாய்வைக் காட்டும் கூட்டல் குறி ஒரே இடத்துக்கு வர வேண்டும். கைப்பிடியை மெதுவாகத் திருகுங்கள், பட்டை தாவாமல் நகர வேண்டும். துடிப்பு இருந்தால் எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சில நேரம் சரிசெய்யலாம். துரு நீக்கும் எண்ணெயை உள்ளே அடிக்காதீர்கள், தூசியைச் சேர்த்து இன்னும் கெடுக்கும்.

கேள்வி: திருகு அச்சையா சிபாரிசு செய்கிறீர்கள்? எந்த விமானத்தில் கைப்பிடியைத் திருகுகிறார்கள்? பெடல் இல்லாமல் பழகினால் கெட்ட பழக்கம்தான் ஒட்டும்.

நிஜ விமானத்தில் ரட்டர் காலில்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே கேட்கிறவர் முதல் ஸ்டிக் வாங்குகிறார். நல்ல பெடல் பெரும்பாலும் அந்த ஸ்டிக்கைவிட விலை அதிகம். பெடலும் இல்லை, திருகும் இல்லை என்றால் அவர் என்ன செய்வார்? தானியங்கி ரட்டரைப் போட்டுவிடுவார். அப்போது ரட்டர் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. செஸ்னா 172 ஓடுபாதையில் முழு வேகம் கொடுத்தவுடன் இடது பக்கம் இழுக்கும், வலது ரட்டர் கொடுக்க வேண்டும். இதைக் கையால் கற்றவர் பிறகு காலுக்கு மாற்றிக்கொள்ளலாம். கற்காதவர் எதை மாற்றுவார்?

அதே நண்பர்: பக்கக் காற்றில் இறங்கிப் பாருங்கள், அப்புறம் பேசுங்கள்.

இது சரியான அடி, மறைக்க மாட்டேன். பக்கக் காற்றில் காற்று வரும் பக்கம் இறக்கையைத் தாழ்த்தி, ரட்டரை எதிர்ப்பக்கம் கொடுக்க வேண்டும். காற்று இடப்பக்கமிருந்து என்றால், திருகு ஸ்டிக்கில் அதற்கு மணிக்கட்டை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டே வலப்பக்கம் முறுக்க வேண்டும். கேம் கன்ட்ரோலர் பக்கத்தில் நீங்களே பாருங்கள், திருக மட்டும் செய்யும்போது கூட்டல் குறியும் கூடவே நகரும். சாய்ப்பதையும் திருகுவதையும் உங்கள் கை பிரித்துச் செய்யாது. அடிப்பாகம் நகர்ந்தால் இன்னும் மோசம். திருகின் வளைவை நன்றாகத் தணித்து, ஸ்டிக்கை விரல்நுனியால் பிடித்தால் பாதி குறையும், முழுதும் போகாது. ஹோட்டாஸ் எக்ஸில் திருகைப் பூட்டிவிட்டு, த்ராட்டிலில் விரல்களுக்கு நேரே இருக்கும் இரு பக்கமும் அசையும் பட்டையை ரட்டருக்கு வைத்துக்கொள்ளலாம், அது இந்தச் சிக்கலைத் தீர்க்கும். பெடல் அடுத்த செலவாக இருக்கட்டும், முதல் செலவாக வேண்டாம் என்பதுதான் என் நிலை.

இன்னொருவர்: நான் ஏர்பஸ் மட்டும்தான். எனக்கு ரட்டரே வேண்டாமே?

காற்றில் பறக்கும்போது விமானமே பார்த்துக்கொள்ளும். புறப்பட ஓடும்போது யார் நேராக வைப்பது? பக்கக் காற்றில் நண்டு போல், மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி வந்து, சக்கரம் தொடும் முன் அதை நேராக்குவது யார்? வேண்டும், உங்களுக்கும் வேண்டும். ஆனால் ஏ320இல் நிஜமாகவே பக்கவாட்டு ஸ்டிக்தான் என்பதால் யோக் செலவு உங்களுக்கு மிச்சம்.

பெடல் நண்பர்: ஆக, பெடல் நல்லது என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.

ஆமாம். ஒருபோதும் மறுக்கவில்லை. அடுத்த கேள்விக்குப் போகிறேன், பத்துப் பேர் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: நல்ல ஜாய்ஸ்டிக் ஒன்று சொல்லுங்களேன்.

முதல் பதில்.

கேள்வி: எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோவா, டி.16000எம்மா?

முதல் இரண்டு பதில்கள். வலது கை, இறுக்கமான பட்ஜெட் என்றால் முன்னது. மற்றபடி பின்னது.

கேள்வி: ஹெலிகாப்டர்?

இது கேட்க ஆளில்லையே என்று இருந்தேன். ஹெலிகாப்டரின் சைக்ளிக் (சாய்த்து ஓட்டும் ஸ்டிக்) நடுவில் வந்து நிற்காது, விமானி வைத்த இடத்தில் நிற்கும். நம் ஸ்டிக்கில் ஸ்ப்ரிங் எப்போதும் நடுவுக்கு இழுக்கிறது, அதோடு மல்லுக்கட்டி மிதந்து நிற்பது கடினம். டிசிஎஸ்ஸில் ட்ரிம் (கையை எடுத்தாலும் நிலை மாறாமல் வைப்பது) பட்டனை அழுத்தியதும் அந்த நிலையை நினைவில் வைத்துக்கொண்டு, ஸ்டிக் நடுவுக்குத் திரும்பும்வரை காத்திருக்கும் அமைப்பு உண்டு, அதைப் போடுங்கள். தளர்ந்த ஸ்ப்ரிங் உள்ள பழைய ஸ்டிக் இங்கே புதியதைவிட நன்றாக இருக்கும். மைக்ரோசாஃப்ட் சைட்வைண்டர் ஃபோர்ஸ் ஃபீட்பேக் 2 பழையதாகக் கிடைத்தால் விடாதீர்கள். மோட்டார் வைத்தது, டிசிஎஸ்ஸில் ட்ரிம் செய்தால் ஸ்டிக்கே அங்கே போய் நிற்கும். பிடியில் கை இருக்கிறதா என்று பார்க்கும் சிறு சென்சார் ஒன்று உண்டு, கையை எடுத்தால் விசை நின்றுவிடும். கெட்டுவிட்டது என்று நினைத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: பாதியில் ஸ்டிக் துண்டித்துக்கொள்கிறது.

ஹப்பை எடுத்துவிட்டு நேராகக் கணினியில் செருகுங்கள். விண்டோஸின் மின்சேமிப்பு அமைப்பில் யூஎஸ்பி தற்காலிக நிறுத்தத்தை அணையுங்கள்.

கேள்வி: தொடக்கக்காரருக்கு ஏற்ற ஸ்டிக் எது?

முதல் பதில், தயவுசெய்து.

கேள்வி: வாங்கிவிட்டேன், எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ. முதலில் எதில் பழகுவது?

ஃப்ளைட்கியர் இலவசம், அதில் செஸ்னா 172 இருக்கிறது. ஆயிரம் அடி ஏறி, ட்ரிம் செய்து, கையை எடுத்துவிட்டு அது நேராகப் போகிறதா பாருங்கள். போகவில்லையென்றால் மறுபடி ட்ரிம். அடிப்பாகத்தை ஒட்டினீர்களா?

அதே நபர்: இன்னும் இல்லை.

ஒட்டிவிட்டு ஏறுங்கள்.