கொப்பியின் பின்பக்கத்து வட்டங்கள்

அன்புள்ள அக்கா,

உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மகள் டியூஷன் கொப்பியின் பின்பக்கமெல்லாம் அம்புக்குறி போட்டு வட்டம் வரைகிறாள், கேட்டால் "இதைத்தான் படிக்கப்போகிறேன்" என்கிறாள், இதற்கு வேலை கிடைக்குமா என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பிள்ளை வரைந்திருப்பது உங்கள் தேயிலைத் தோட்டத்தைத்தான்.

ஆட்கள் கொழும்புக்குப் போகப் போக மலையில் கை குறைகிறது. 7 நாளில் எடுக்க வேண்டிய கொழுந்து 10, 12 நாளாகி முற்றிப்போகிறது. தரம் விழுகிறது, வருமானம் விழுகிறது, வேலை நாள் குறைகிறது. இன்னும் நாலு பேர் பஸ் ஏறுகிறார்கள். இதற்குப் பின்னூட்டச் சுழல் என்று பெயர். ஒன்று கூடினால் மற்றது குறையும் என்று காட்டும் அம்புக்குக் கழித்தல் குறி போடுவார்கள். அவள் நாலு போட்டிருக்கிறாள். கழித்தல் குறிகள் இரட்டைப்படையானால் சுழல் தன்னையே பெருக்கும், ஒற்றைப்படையானால் அடங்கும். சரியாகத்தான் எண்ணியிருக்கிறாள்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜே ஃபாரஸ்டர் என்ற பேராசிரியர் 1950களில் தொடங்கிய துறை இது, பெயர் சிஸ்டம் டைனமிக்ஸ். சிறிய படத்தில் சுழல்களைக் கண்ணாலேயே பிடிக்கலாம். ஆனால் படத்தில் கூடிக் குறையும் ஒவ்வொரு விஷயமும் (இதை மாறி என்பார்கள்) மற்ற எல்லாவற்றோடும் இருபுறமும் இணைந்தால் 5 மாறிகளில் 84 சுழல், 10 மாறிகளில் 11 இலட்சத்துக்கும் மேல்! அங்கேதான் அல்கோரிதம், அதாவது கணினி படிப்படியாகச் செய்யும் முறை, வேண்டும். டொனால்ட் ஜான்சன் என்ற கணினி விஞ்ஞானி 1975இல் கொடுத்த முறை ஒரு சுழலையும் விடாமல், ஒன்றையே இரண்டு தரம் எண்ணாமல் பட்டியல் போடும்.

அப்புறம்தான் சுவாரசியமான வேலை. கஷ்டத்துக்கு வட்டிக்கு வாங்குகிறோம், இந்த மாதம் சமாளிக்கிறோம், வட்டி ஏறிக் கஷ்டம் பெரிதாகிறது. நெரிசலுக்கு ரோட்டை அகலமாக்குகிறார்கள், வாகனம் கூடி மறுபடி நெரிசல். பெயர்களை அழித்துவிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே எலும்புக்கூடு. அதை இப்படியான நூறு படங்களுக்குள் கணினி தேடிப் பிடிக்க வேண்டும்.

இந்தப் பெயரில் வேலை விளம்பரம் எதையும் நான் பார்த்ததில்லை, அதை மறைக்க மாட்டேன். அதனால் கணினி விஞ்ஞானம், கணிதம், புள்ளிவிபரவியல், பொறியியல் என்று வெட்டுப்புள்ளிக்குள் வருவதை எடுக்கட்டும், பேராதனைப் பல்கலைக்கழகமோ மொறட்டுவையோ. தரவுப் பகுப்பாய்வு, மென்பொருள், சரக்கு விநியோகத் திட்டமிடல் என்று சோறு போடும் வேலைகள் அந்தப் பட்டங்களுக்கு உண்டு. வட்டங்கள் அவளுடைய தனித் திறமையாகக் கூடவே வரட்டும். முதல் வருஷம் இடிப்பது ஆங்கிலம்தான், எனக்கும் இடித்தது. பெறுபேறு வரும்வரை அதில் உட்காரச் சொல்லுங்கள்.

லேப்டாப்புக்கென்று வட்டிக்கு வாங்கிவிடாதீர்கள் அக்கா. மேலே சொன்ன சுழல் நம் வீட்டிலேயே ஓடும். பைத்தன் என்ற கணினி மொழியைப் பழக இப்போதைக்குப் போன் போதும்.

மகளிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். கொழும்பிலிருந்து மாதாமாதம் லயத்துக்கு வரும் காசு அந்தப் படத்தில் எங்கே? அந்த அம்பைக் காணோம்.