மாவிலாறு, சம்பூர்ச் சண்டை ஏன் திருப்புமுனை ஆனது?

ஒரு வாய்க்கால் கதவுக்காக இவ்வளவு பெரிய போரா என்று கேட்டிருந்தீர்கள். கதவு ஒரு தொடக்கம்தான். 2006 ஜூலையில் புலிகள் திருகோணமலை மாவட்டத்து மாவிலாற்று அணைக்கதவை மூடினார்கள். வயலுக்குப் போகும் தண்ணீர் நின்றது, விமானத் தாக்குதல் தொடங்கியது. ஆனால் உண்மையான சிக்கல் புலிகள் வசம் இருந்த சம்பூர்.

வரைபடத்தில் கொட்டியார்குடாவைப் பாருங்கள். சம்பூர்ப் பக்கம் நின்றால் திருகோணமலைத் துறைமுக வாசல் எதிரே. அங்கிருந்து சுடும் பீரங்கி கடற்படைத் தளத்தை எட்டும். யாழ்ப்பாணத்துப் படையினருக்கான சாமான்கள் பெரும்பாலும் இந்தத் துறைமுகம் வழியாகத்தான் போயின. ஓகஸ்ட் 1ஆம் திகதி 800க்கும் மேற்பட்ட படையினருடன் வந்த ஜெட்லைனர் கப்பல் தாக்கப்பட்டதும் இந்தக் கடலில்தான். அதனால் இராணுவத் தளபதி சரத் பொன்சேகா மாவிலாற்றோடு நிற்கவில்லை. செப்டெம்பர் 4ஆம் திகதி சம்பூர் வீழ்ந்தது. 2002இல் செய்த போர்நிறுத்தம் தாளில் இருக்கும்போதே புலிகள் ஒரு பெரிய பகுதியை இழந்தது அதுதான் முதல் தடவை.

சரி, களத்தில் நின்றவர்கள்? கச்சான் காற்று வீசும் மாதங்கள், பற்றைக்காடு, காலடியில் மிதிவெடி, தண்ணீர்த் தாகம். இரண்டு பக்கமும் பெரும்பாலும் கிராமத்துப் பிள்ளைகள். திருகோணமலை நகரத்தில் இருந்த எங்களுக்கு வெடிச்சத்தம் மட்டும் குடாவைத் தாண்டி வரும், யன்னல் அதிரும்.

இடையில் அகப்பட்டது சம்பூருக்குப் பக்கத்து ஊரான மூதூர். முஸ்லிம் குடும்பங்கள் கந்தளாய்க்கு நடந்தன, சம்பூர்த் தமிழர் வாகரைப் பக்கம் போனார்கள். ஓகஸ்ட் 4ஆம் திகதி மூதூரில் 17 தொண்டுப் பணியாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இன்றுவரை அதற்கு ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.