மலேரியா வராமல் இருக்க வீட்டுப் பெண்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

திருவாரூர் பக்கம் வயலை ஒட்டி வீடு, மருமகள் முழுகாமல் இருக்கிறாள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வயலைப் பார்ப்பதற்கு முன் மொட்டைமாடித் தொட்டியைப் பாருங்கள் அம்மா. மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் கொசு பெரும்பாலும் தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும். மூடியில் ஓர் இடுக்கு இருந்தாலே உள்ளே போய்விடும். வழிகுழாயின் வாயில் கொசுவலைத் துணியை இறுக்கிக் கட்டுங்கள். தொட்டி, குடம், அண்டா எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை அடித்தண்ணீர் வரை கொட்டிக் காயவிடுங்கள்; முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு பாருங்கள். புழு நீர்மட்டத்தோடு படுத்தாற்போல மிதந்தால் அனாபிலஸ். தலைகீழாகத் தொங்கினால் வேறு கொசு. கிணறு இருந்தால் சுகாதார ஆய்வாளரிடம் கம்பூசியா மீன் கேளுங்கள், புழுவைத் தின்றுவிடும்.

இந்தக் கொசு அந்தி முதல் விடியல் வரை கடிக்கும். திண்ணையில் படுத்தாலும் வலை வேண்டும், ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகுங்கள். வலையில் கை ஒட்டிக் கிடந்தால் வெளியிலிருந்தே கடித்துவிடும்.

குளிர்சுரம் கண்டால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் கொடுங்கள், இலவசம்தான். கர்ப்பிணிக்கு மலேரியா ரத்தசோகையை முற்றவைக்கும், குழந்தை எடை குறைந்து பிறக்கும். வைவாக்ஸ் என்கிற மலேரியா வகைக்குக் குளோரோகுயின் மாத்திரை 3 நாள், பிரைமாகுயின் மாத்திரை 14 நாள். காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்துவதுதான் பெரிய தவறு. ஈரலில் பதுங்கிய கிருமி சில மாதம் கழித்துக்கூடத் திரும்பும். கர்ப்பிணிக்குப் பிரைமாகுயின் கூடவே கூடாது. வீட்டில் மற்றவருக்குக் கொடுத்த மாத்திரையை மருமகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.